பல்செட்டா, இம்ப்ளாண்ட்டா? மேல்தாடைக்கு ஒரு பதில், கீழ்தாடைக்கு வேறு பதில்

பல் போன இடத்தில் என்ன வைப்பது என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் காதில் விழும். கையில் பணம் இருந்தால் இம்ப்ளாண்ட், இல்லாவிட்டால் பல்செட். பணம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பல் போயிருக்கிறது, எந்தத் தாடையில் போயிருக்கிறது, எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்த வாயை யார் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்கிற நான்கு கேள்விகளும் பணத்துக்கு முன்னால் வர வேண்டியவை. அதிலும் மேல்தாடையையும் கீழ்தாடையையும் ஒரே கணக்கில் போட்டு முடிவெடுக்கவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் படும் அவஸ்தை மிச்சமாகும்.

முதலில் எது எது என்று பார்த்துவிடலாம். பல்செட் என்பது கழற்றி மாட்டுவது. எல்லாப் பல்லும் போயிருந்தால் முழு செட், சில பல் மட்டும் போயிருந்தால் மிச்சமுள்ள பற்களைப் பிடித்துக்கொள்ளும் பகுதி செட். ஈறு நிறத்தில் இருக்கும் அடிப்பாகம் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். பகுதி செட்டில் கோபால்ட் குரோமியம் உலோகச் சட்டமும் உண்டு, வளைந்துகொடுக்கும் நைலான் வகையும் உண்டு. இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் டைட்டேனிய ஸ்க்ரூ. அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டு, அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரிகிற பல். ஆக, ஒன்று ஈறின்மேல் உட்காருகிறது, மற்றொன்று எலும்பைப் பிடித்து நிற்கிறது. நன்மை தீமை எல்லாம் இந்த வித்தியாசத்தில் இருந்துதான் வருகின்றன.

எலும்பு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. 1952-ல் ஸ்வீடனில் பேர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டேனியக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு ஒன்றிப்போயிருந்தது. 1965-ல் அதே முறையில் முதல் முறையாக ஒரு மனிதருக்குப் பல் பொருத்தினார். இன்றைக்குச் செய்வதும் அடிப்படையில் அதுவே. சரியான ஆளுக்கு, சரியாகப் போடப்பட்டால், 10 வருடம் கழித்தும் 100-க்குச் சுமார் 95 இம்ப்ளாண்ட் தாடையில் உறுதியாக நிற்கின்றன. அந்த ‘சரியான ஆளுக்கு’ என்பதைக் கவனியுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

இப்போது எலும்பு. பல்லின் வேர் இருக்கும்வரைதான் அந்த இடத்து எலும்புக்கு வேலை. பல்லைப் பிடுங்கியதும் எலும்பு கரையத் தொடங்குகிறது, முதல் வருடத்தில்தான் வேகம் அதிகம், அந்த ஒரு வருடத்திலேயே அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடலாம். அதற்குப் பிறகு வேகம் குறையுமே தவிர நிற்காது. பல்செட் இதைத் தடுக்காது, அதன் அழுத்தம் ஈறின்மேல் விழுவதால் கரைவது தொடரத்தான் செய்யும். செட் போட்டவர்களை 25 வருடம் தொடர்ந்து கவனித்து 1972-ல் வெளியான ஓர் ஆய்வில், கீழ்தாடை எலும்பு மேல்தாடையைப் போல சுமார் 4 மடங்கு கரைந்திருந்தது. நான்கு மடங்கு! மேலும் கீழும் வேறுவேறு என்று நான் சொல்வதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணத்தை உங்கள் வாயிலேயே பார்த்துவிடலாம். மேல் முழு செட் அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு உட்காருகிறது. அதற்கும் அண்ணத்துக்கும் நடுவில் மெல்லிய எச்சில் படலம், ஓரங்களில் காற்றுப் புகாத அடைப்பு, அந்த உறிஞ்சு பிடிப்பில்தான் அது நிற்கிறது. பரப்பு பெரியது, அசைக்க அங்கே எதுவும் இல்லை. எலும்பு ஓரளவு இருந்து அளவும் ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தால் மேல் செட் பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும். கீழே கதை வேறு. கீழ் செட்டுக்கு நடுவில் நாக்கு இருப்பதால் அது வெறும் குதிரை லாட வடிவத்தில்தான் இருக்க முடியும். பரப்பு ஏறக்குறைய பாதிதான், உறிஞ்சு பிடிப்பும் கிடைக்காது. நாக்கை மேலண்ணத்தில் தொட்டுப் பாருங்கள், நாக்குக்கு அடியில் இருக்கும் தளம் அப்படியே எழும்புவது தெரியும். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும், பேசும்போதும், கொட்டாவி விடும்போதும் அந்தத் தளம் எழும்பிக் கீழ் செட்டைத் தூக்குகிறது, வெளிப்பக்கம் கன்னமும் உதடும் தள்ளுகின்றன. கீழ் செட்டை இடத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் அதைப் போட்டிருப்பவரின் நாக்கும் கன்னமும் கற்றுக்கொண்ட திறமைதான். எலும்பு கரைந்து மேடு தட்டையாகிவிட்டால் அந்தத் திறமையும் போதாமல் போகும்.

என் பெரியம்மாவுக்கு மேல் செட்டால் ஒரு நாளும் தொந்தரவு இல்லை. கீழ் செட்டை மட்டும் சாப்பிடும்போது கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார், யாராவது வந்தால் அவசரமாகப் போட்டுக்கொள்வார். சாப்பிடுவதற்காகச் செய்த பல், சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வாயில் இருந்தது. “செட்டே இப்படித்தான் இருக்கும்” என்று அவரே நம்பிவிட்டார், அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். ஏனென்றால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பல பேருக்கு அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அந்த வழி இதுதான். கீழ்தாடையின் முன்பகுதியில், கோரைப்பல் இருந்த இடங்களின் பக்கம், இரண்டே இரண்டு இம்ப்ளாண்ட். அவற்றின் தலையில் சட்டைப் பட்டன் போன்ற பிடிப்பு. செட்டின் உள்பக்கத்தில் அதற்குப் பொருந்தும் குழி. செட்டை வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும், இரவில் இழுத்துக் கழற்றிவிடலாம். முழுத் தாடைக்கும் நிலையான பல் கட்டுவதைவிடச் செலவு வெகுவாகக் குறைவு. எலும்பு மிகவும் கரைந்தவர்களுக்கும் முன்பகுதியில் மட்டும் பெரும்பாலும் போதுமான எலும்பு இருக்கும், கீழ்தாடை நரம்பும் அந்த இடத்துக்கு முன்பே வெளியே வந்துவிடுவதால் ஆபத்தும் குறைவு. 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்தாடைக்கு முதல் தேர்வாக வெறும் செட்டைச் சொல்லக்கூடாது, இரண்டு இம்ப்ளாண்ட் பிடித்த செட்டைத்தான் சொல்ல வேண்டும் என்று அறிக்கையே வெளியிட்டார்கள். 2009-ல் இங்கிலாந்தின் யார்க் நகரிலும் அதையொட்டிய அறிக்கை ஒன்று வந்தது. இத்தனை வருடம் கழித்தும் “செட்டா, இம்ப்ளாண்ட்டா” என்று இரண்டில் ஒன்றாகவே பேச்சு நடக்கிறது என்பது எனக்கு வருத்தம்தான். இதிலும் பராமரிப்பு உண்டு. பிடிப்புக்குள் இருக்கும் ரப்பர் அல்லது நைலான் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். அது சின்ன வேலை, சின்னச் செலவு.

சரி, ஒரே ஒரு பல் போயிருந்தால்? அங்கே என் மனசு இம்ப்ளாண்ட் பக்கம்தான். பக்கத்துப் பற்களைத் தொடாமல் காலியிடத்தை நிரப்புவது அது ஒன்றுதான். பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துப் பாலம் போலக் கட்டும் பல், போடுவதென்றால் இருபக்கமும் உள்ள பற்களைச் சீவி அவற்றின்மேல் கேப் என்ற உறையை மாட்ட வேண்டும். அந்தப் பற்கள் ஏற்கெனவே பெரிதாக அடைக்கப்பட்டோ உடைந்தோ கேப் தேவைப்படும் நிலையில் இருந்தால் பிரிட்ஜே நல்ல முடிவு, ஒரே வேலையில் இரண்டும் முடியும். பக்கத்துப் பற்கள் முத்து மாதிரி இருக்கும்போது அவற்றைச் சீவுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பல்லுக்கு மட்டும் கழற்றி மாட்டும் செட் என்பது இம்ப்ளாண்ட் முடியும்வரை இடைக்கால ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம் நான்காவதாக ஒரு வழியும் உண்டு, எதுவும் வைக்காமல் விடுவது. போனது கடைசிக் கடைவாய்ப்பல், வெளியே தெரியவில்லை, மெல்லவும் சிரமமில்லை என்றால் அப்படியே விட்டாலும் பெரும்பாலும் குடி முழுகிப்போகாது. மேலும் கீழும் சேர்த்து 20 நல்ல பல் ஒன்றையொன்று சந்திக்கும்படி இருந்தால் சாதாரணமாகச் சாப்பிட அதுவே போதும். எதிர்ப்பல் காலியிடத்தை நோக்கி இறங்குகிறதா, பக்கத்துப்பல் சாய்கிறதா என்று மட்டும் அவ்வப்போது டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

நடுத்தர நிலைதான் சிக்கலானது, ஐந்தாறு பல் அங்கங்கே போயிருப்பது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது மிச்சமுள்ள பற்களின் ஆரோக்கியத்தை. ஈறு நோயில் அவையும் ஆடிக்கொண்டிருந்தால் இன்று இரண்டு இம்ப்ளாண்ட் போட்டு, மூன்று வருடத்தில் இன்னும் நாலு பல் போய், மொத்தத் திட்டமும் மாறிவிடும். அப்படிப்பட்ட வாய்க்குப் பகுதி செட் உண்மையாகவே புத்திசாலித்தனமான தேர்வு, அடுத்த பல் போனாலும் பெரும்பாலும் அதே செட்டில் ஒரு பல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதன் கம்பிக் கொக்கிகள் பிடிக்கிற பற்களின்மேல் இழுவை விழும், கொக்கியைச் சுற்றி அழுக்குச் சேர்ந்தால் அந்தப் பல்லும் சொத்தையாகும். அக்ரிலிக்கைவிட உலோகச் சட்டம் மெலிதாக, ஈறைக் குறைவாக மூடும்படி இருக்கும், முடிந்தால் அதைக் கேளுங்கள்.

இம்ப்ளாண்ட் பக்கத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. முதலில் நேரம். ஸ்க்ரூ வைத்தபிறகு எலும்பு பிடிக்க பொதுவாக 3 முதல் 6 மாதம், கீழே சீக்கிரம், மேலே எலும்பு மென்மையானது என்பதால் கொஞ்சம் தாமதம். எலும்பு போதாமல் எலும்புத்தூள் வைத்து வளர்க்க வேண்டியிருந்தால் இன்னும் சில மாதம். மேல் கடைவாயில் சைனஸ் காற்றறை கீழே இறங்கி வந்திருக்கும் என்பதால் அதன் தரையை உயர்த்த வேண்டிவரலாம். கீழ் கடைவாயில் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது, அது பட்டுவிட்டால் உதடு மரத்துப்போகும், சிலருக்கு நிரந்தரமாகவே. அதனால் அந்த இடத்தில் சாதாரண எக்ஸ்ரே மட்டும் பார்த்துவிட்டுத் துளை போடுகிறேன் என்று டாக்டர் சொன்னால், முப்பரிமாண ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்கத் தயங்காதீர்கள். ஒரே நாளில் பல் என்று சொல்வதும் பொய்யில்லை, ஆனால் அன்று கிடைப்பது தற்காலிகப் பல், எலும்பு பிடிக்கும்வரை அதில் பலமாகக் கடிக்கக்கூடாது, எல்லோருடைய எலும்புக்கும் அது சரிப்பட்டும் வராது.

யாருக்கு ஜாக்கிரதை தேவை? புகை பிடிப்பவர்களுக்கு இம்ப்ளாண்ட் தோற்பதற்கான வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது, இது திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். சர்க்கரை நோய் இருந்தாலே கூடாது என்பதில்லை, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான் பிரச்சினை. எலும்பு அடர்த்தி குறையும் நோய்க்கோ எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ சில மாத்திரைகள், ஊசிகள் கொடுப்பார்கள். அவற்றை எடுத்துக்கொள்பவர்களுக்கு அறுவைக்குப் பின் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு, குறிப்பாகப் புற்றுநோய்க்கான பெரிய அளவில் எடுப்பவர்களுக்கு. தாடைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும் அப்படியே. என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள், முன்பு எடுத்தீர்கள் என்பதை, வருடத்துக்கு ஒரு முறை போடும் ஊசி உட்பட, ஒன்று விடாமல் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு ஸ்க்ரூ தளர்வதும் பல் உடைவதும் அதிகம். வளரும் வயதுப் பிள்ளைகளுக்குப் போடக்கூடாது, தாடை வளரும்போது மற்ற பற்கள் கூடவே நகரும், எலும்போடு ஒன்றிய இம்ப்ளாண்ட் நகராமல் பள்ளத்தில் நின்றுவிடும்.

இம்ப்ளாண்ட் போட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. சொத்தை வராது, அது உண்மை. ஈறு நோய் வரும். சொல்லப்போனால் சொந்தப் பல்லைவிட ஆபத்தாக வரும், ஏனென்றால் சொந்தப் பல்லைச் சுற்றி எலும்போடு இணைக்கும் நார்கள் இருக்கின்றன, அவை ஒரு காவல். இம்ப்ளாண்ட்டுக்கு அந்த நார்கள் கிடையாது, கிருமி இறங்கினால் எலும்பு சத்தமில்லாமல் கரையும், வலி தெரிவதற்குள் பாதி எலும்பு போயிருக்கும். துலக்கும்போது அந்த இடத்தில் ரத்தம் வந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. கண்ணாடி முன் நின்று பார்த்தால் புரியும், இம்ப்ளாண்ட் பல் மேலே அகலமாகவும் ஈறுக்குள் போகும் இடத்தில் குறுகலாகவும் இருக்கும், அந்த இடுக்கில்தான் உணவு தங்கும். சாதாரணப் பிரஷ் அங்கே போகாது, குட்டிப் பிரஷ்ஷையோ தடித்த நூலையோ பல்லைச் சுற்றி வளைத்து ஈறை ஒட்டித் தேய்க்க வேண்டும், தினமும். இம்ப்ளாண்ட்டின்மேல் வரும் பல்லைச் சிமென்ட் வைத்து ஒட்டுகிறார்களா, ஸ்க்ரூ போட்டு மாட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். ஒட்டும் சிமென்ட் ஈறுக்கடியில் கொஞ்சம் மிஞ்சினாலும் வீக்கம் வரும். ஸ்க்ரூ வகையைப் பழுதுபார்க்கக் கழற்றவும் முடியும், எனக்கு அதுவே மேல் என்று படுகிறது.

பல்செட்டின் பராமரிப்பு எளிது, ஆனால் தப்பும் தவறுமாகவே நடக்கிறது. பற்பசை போட்டுத் தேய்க்கக்கூடாது, அதிலுள்ள துகள் அக்ரிலிக்கைக் கீறி, கீறலில் கிருமி குடியேறும். மென்மையான சோப்பும் பிரஷ்ஷும் போதும். கொதிநீரில் போட்டால் வளைந்துவிடும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீரோ மடித்த துண்டோ இருக்கட்டும், கைநழுவி விழுந்து உடைவது அந்த இடத்தில்தான். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், இதில் சமரசமே வேண்டாம். 85 வயதைத் தாண்டியவர்களிடம் ஜப்பானில் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. அண்ணத்தில் பூஞ்சை படர்ந்து சிவந்துபோவதும் கழற்றாமல் இருப்பவர்களிடம்தான் அதிகம். தளர்ந்த செட்டைப் பசையை அப்பி அப்பி ஓட்டுபவர்கள் உண்டு, துத்தநாகம் கலந்த பசையை மிதமிஞ்சி, வருடக்கணக்கில் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் தாமிரம் குறைந்து நரம்பு பாதித்திருக்கிறது. செட் தளர்ந்தால் அதன் உள்பக்கத்தைப் புது அளவுக்கு நிரப்பித் தரச் சொல்லுங்கள், ஒரே நாளில்கூட முடிகிற வேலை. எப்படியும் 5 முதல் 10 வருடத்துக்குள் புது செட் தேவைப்படும், எலும்பு மாறுகிறது அல்லவா.

சாப்பாட்டு விஷயத்தில் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்வது நல்லது. முழு செட்டின் கடிவலிமை சொந்தப் பல்லில் நாலில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். முன்பல்லால் கடித்து இழுத்தால் பின்பக்கம் எழும்பிவிடும். சின்னத் துண்டாக நறுக்கி, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மெல்லப் பழக வேண்டும். முதல் சில வாரம் எச்சில் ஊறும், பேச்சு குழறும், தினமும் கொஞ்ச நேரம் வாய்விட்டுப் படித்தால் நாக்கு சீக்கிரம் வழிக்கு வரும். புண்ணாகும் இடத்தை டாக்டரிடம் காட்டி, அங்கே உரசும் செட்டைச் சீவிக்கொள்ள வேண்டும், வீட்டில் நாமே தேய்க்கக்கூடாது. இம்ப்ளாண்ட்டில் மெல்லும் பலம் சொந்தப் பல்லுக்கு வெகு அருகில் வரும். நார்கள் இல்லாததால் எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கிறோம் என்ற உணர்வுதான் மந்தம், அதனால் ஆரம்பத்தில் நிதானம் வேண்டும்.

வயதைப் பற்றி இரண்டு பக்கமும் தவறாகப் பேசுகிறார்கள். 75 வயசாகிவிட்டது, இனி எதற்கு இம்ப்ளாண்ட் என்பது சரியில்லை, ஆரோக்கியமான 75 வயதுக்காரரின் எலும்பு தாராளமாகப் பிடித்துக்கொள்ளும், இன்னும் பல வருடம் நிம்மதியாகச் சாப்பிடுவது சின்ன விஷயமா? ஆனால் கை நடுக்கமோ மறதி நோயோ தொடங்கியிருக்கிறது என்றால் தாடை முழுக்க நிலையாகப் பொருத்திய பல் பின்னாளில் பெரிய சுமையாகும். கவனித்துக்கொள்ளும் மகளோ மருமகனோ செவிலியரோ இன்னொருவர் வாய்க்குள் குட்டிப் பிரஷ்ஷை விட்டு ஒவ்வொரு இடுக்காகத் தேய்ப்பது மிகவும் கடினம், கழற்றிக் கழுவி மாட்டுவது எளிது. இந்தக் காரணத்துக்காகவும் அந்த இரண்டு பட்டன் செட்டை நான் விடாமல் சொல்வேன்.

பணம் என்று வரும்போது முதல் நாள் சொல்லும் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். இம்ப்ளாண்ட்டுக்குச் சொன்ன விலையில் ஸ்க்ரூ மட்டுமா, இணைப்புத் துண்டும் மேல்பல்லும் சேர்த்தா, ஸ்கேன், எலும்பு வளர்ப்பு, தற்காலிகப் பல் எல்லாம் தனியா, தோற்றுப்போனால் திரும்பப் போடுவது யார் செலவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செட்டுக்கு, முதல் வருடத் திருத்தங்கள் விலையில் அடக்கமா என்று கேளுங்கள். பல்லைப் பிடுங்கிய உடனே செட் வைப்பதாக இருந்தால் இது இன்னும் முக்கியம், ஈறு வற்ற வற்ற அது கட்டாயம் தளரும்.

பல்லை இன்னும் பிடுங்கவில்லை என்றால் இந்தப் பேச்சை இன்றே டாக்டரிடம் தொடங்குங்கள், எலும்பு கரைவதற்கு முன் போட்ட திட்டத்தில்தான் வழிகள் அதிகம். கீழே இரண்டு கோரைப்பல்லாவது உறுதியாக இருந்தால், மொத்தமாகப் பிடுங்கிவிடலாம் என்று சொல்லும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, அவற்றின் வேரையாவது வைத்துக்கொண்டு அதன்மேல் செட் போட முடியுமா என்று கேளுங்கள். வேர் இருக்கும்வரை அந்த இடத்து எலும்பும் பெரும்பாலும் தங்கும், செட்டுக்கும் பிடிமானம். இம்ப்ளாண்ட்தான் என்று முடிவானால், போட்ட ஸ்க்ரூவின் கம்பெனி, மாடல், நீளம், அகலம், தொகுப்பு எண் எல்லாம் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி மருத்துவக் காகிதங்களோடு பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஸ்க்ரூவும் அதைத் திருகும் கருவியும் வேறு. பத்து வருடம் கழித்து வேறோர் ஊரில், வேறொரு டாக்டரிடம், தளர்ந்த பல்லோடு போய் உட்காரும்போது அவர் முதலில் கேட்பது அந்த விவரத்தைத்தான்.